லயனலைத் தவறவிட்ட புதன்கிழமை

எங்கள் ஊர் ரோத்பியில் ஒரு சைக்கிள் சங்கம் இருக்கிறது. புதன்கிழமைதோறும் காலை ஒன்பதரைக்குச் சந்தைத் திடலில் கூடுவோம். முக்கால்வாசிப் பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். எவ்வளவு வேகம், எத்தனை மைல் என்பதெல்லாம் எங்களுக்குப் பெரிய விஷயமில்லை. மதியச் சாப்பாடு எந்தப் பப்பில் என்பதுதான் முதல் கேள்வி. அந்தச் சங்கத்தில் இருபத்தாறு வருடமாக எல்லோருக்கும் கடைசியில் ஓட்டி வந்தவர் லயனல் டவுஸ்.

அவருக்கு அப்போது எழுபத்தொரு வயது. நெடிய, சற்றே முன்குனிந்த உடம்பு. பேச்சு குறைவு. ஊருக்குக் கிழக்கே கடல்வரைக்கும் பன்னிரண்டு மைல் தாழ்ந்த நிலம். மழைத்தண்ணீர் தானாக வடியாது. வாய்க்கால்களில் சேர்த்து, பம்பு வைத்து இறைத்துக் கடலில் தள்ளினால்தான் கோதுமை பிழைக்கும். அந்தப் பம்பு நிலையங்களில் ஒன்றில் முப்பத்தொரு வருடம் தனியாளாக வேலை பார்த்தவர் அவர். அப்போதே, தண்ணீர் ஏறாத புதன்கிழமைகளில் லீவு போட்டுவிட்டுச் சங்கத்துக்கு வந்துவிடுவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

நான் இந்த ஊரில் இருபத்தெட்டு வருடம் வீடு வீடாகத் தபால் கொடுத்தவள். லயனல் வீடு சேப்பல் சந்து, எட்டாம் எண். பல் மருத்துவரின் நினைவூட்டல் அட்டை, தோட்ட விதைப் பட்டியல், கிறிஸ்துமஸ் சமயத்தில் கனடா முத்திரையோடு ஓர் உறை. அவ்வளவுதான் அவருக்கு வரும். ஒருவருடைய தபால் தெரிந்தால் ஆளையே தெரிந்த மாதிரி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருமுறை அவரிடம் கேட்டேன்: "ஏன் லயனல், நீங்க ஒரு நாளாவது முன்னாடி போனா என்ன?"

"முன்னாடி போனா, பின்னாடி யாரோ மூச்சு வாங்குறது காதுல விழுந்துக்கிட்டே இருக்கும்" என்றார். "அதைக் கேட்டுக்கிட்டு நிம்மதியா ஓட்ட முடியாது."

அவர் பையில் எல்லா அளவிலும் ட்யூப் இருக்கும். பிளாஸ்டர் இருக்கும். குளிருக்கு ஒரு ஜோடிக் கையுறை, தன்னுடையது போக, யாருக்கென்றில்லாமல் இருக்கும். ஒவ்வொரு சாலைச் சந்திப்பிலும் கடைசி ஆள் திரும்பிய பிறகு லயனல் கையைத் தூக்கிக் காட்டுவார். முன்னால் போகும் ஹேசல் அதைப் பார்த்துவிட்டுத்தான் மிதிப்பாள். ஹேசல் சார்ஜிசன் எங்கள் சங்கத் தலைவி. கால்நடை மருத்துவமனையில் வேலை பார்த்தவள். முரட்டுக் காளையைக்கூட ஓர் அதட்டலில் நிற்க வைப்பாள் என்று பேர்.

அது ஏப்ரல் மாதத்தின் முதல் புதன். முதல் நாள் ராத்திரியே காற்று கிளம்பிவிட்டது. காலையில் திடலுக்கு வந்தபோது குப்பைத் தொட்டிகள் உருண்டுகொண்டிருந்தன. வானம் மட்டும் கழுவிவிட்ட மாதிரி நீலம். மேகங்கள் மேற்கிலிருந்து ஓடிவந்து, எங்கள் தலைக்கு மேல் நிற்காமல், கடல் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. பதினாலு பேர் வந்திருந்தோம்.

"இந்தக் காத்துல போய்த்தான் ஆகணுமா ஹேசல்?" என்று கேட்டான் கீத் எப்டன். பேக்கரிக்காரன். கடையை மகளிடம் கொடுத்துவிட்டாலும் ரொட்டி வேனை மட்டும் இன்னும் விடாமல் ஓட்டுபவன்.

"போறப்பதான் எதிர்காத்து கண்ணு. வர்றப்ப பெடலே மிதிக்க வேண்டாம். சும்மா உக்காந்துக்கிட்டு வரலாம்."

"போறப்பவே செத்துட்டா?"

"லயனல் கடைசியில வர்றார்ல? பொறுக்கி எடுத்துட்டு வந்துருவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். லயனலும் சிரித்தார். புதிதாக ஒருத்தி மட்டும் சிரிக்காமல் ஹெல்மெட் பட்டையைத் திரும்பத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தாள். மரியன். லீட்ஸ் நகரத்தில் பள்ளிக்கூடச் சமையல்காரியாக இருந்து, அந்தக் குளிர்காலத்தில்தான் எங்கள் ஊருக்குக் குடிவந்தவள். எங்களோடு அவளுக்கு அதுதான் முதல் பயணம்.

மேற்கே மேட்டு நிலம். பதினெட்டு மைல் ஏறி, உச்சியில் கெல்ஸ்பி கிராமத்தில் 'வெள்ளை முயல்' பப்பில் சாப்பாடு. அதுதான் திட்டம். ஊரைத் தாண்டியதும் காற்று எங்களை நேருக்கு நேர் பிடித்துக்கொண்டது. பேச முடியவில்லை, வாயைத் திறந்தால் காற்று உள்ளே புகுந்து வார்த்தையைத் திரும்பத் தள்ளியது. வேலியோரத்தில் கருமுள் செடி பூத்திருந்தது. அதன் வெள்ளை இதழ்கள் பிய்ந்து பிய்ந்து எங்கள் முகத்தில் வந்து ஒட்டின. சரிவுகளில் ஆட்டுக்குட்டிகள் தாயின் வயிற்றோடு ஒண்டி நின்றன. மேலே எங்கேயோ ஒரு வானம்பாடி பாடிக்கொண்டிருந்தது. ஒரு கணம் காதருகே கேட்கும், அடுத்த கணம் ஒரு மைலுக்கு அப்பால் கேட்கும். அந்த ஏற்றத்தில் எனக்கு விழித்திருக்கிறோமா என்றே சந்தேகமாக இருந்தது. கால்கள் சுற்றுகின்றன, அதே வேலி, அதே ஆடுகள், நகர்ந்த மாதிரியே இல்லை.

மரியன் இரண்டாவது மைலிலேயே பின்தங்கிவிட்டாள். லயனல் அவளோடு இருந்தார். பத்தாவது மைலில் அவள் சைக்கிளை விட்டு இறங்கி, ஒரு கேட்டில் சாய்ந்துகொண்டு சொன்னாளாம்: "நீங்க போங்க. நான் இப்படியே திரும்பிப் போயிடறேன். என்னால உங்களுக்கும் சாப்பாடு கெட்டுப்போகும்."

"என் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கோங்க" என்றாராம் லயனல். "என் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி. காத்து எம்மேல மோதிட்டுப் போயிடும், உங்களுக்கு வராது."

"உங்களுக்கு யாரு தடுக்கறது?"

"எனக்கு எதுக்கு? நான் காத்துலயே வளந்தவன்."

இப்படி, இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக, லயனல் ஒருவருக்கு முன்னால் ஓட்டினார். மீதி எட்டு மைலும் அவர்தான் காற்றை உடைத்தார். மூச்சு விடுவதற்காக நின்ற இடங்களில் அவளிடம் ஏதோ பேசிக்கொண்டும் வந்திருக்கிறார். எங்களிடம் பேசாதவர், முன்பின் தெரியாதவளிடம் பேசினார். அதெல்லாம் பிற்பாடு எங்களுக்குத் தெரிந்தது.

நாங்கள் 'வெள்ளை முயல்' போய்ச் சேர்ந்து அரைமணி கழித்து அவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். மரியனைப் பார்த்ததும் எல்லோரும் மேசையைத் தட்டி ஆர்ப்பரித்தோம். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. எங்கள் இரண்டு மேசையும் நிறைந்திருந்தன. நெருக்கி அவளுக்கு ஓர் இடம் பண்ணினோம்.

"யோவ் லயனல், இங்க வாய்யா. என் மடியில உக்காந்துக்க" என்றான் கீத்.

"உன் மடியில ஏற்கெனவே உன் தொப்பை உக்காந்திருக்கே" என்றார் லயனல். அவருடைய முகம் காற்றில் செங்கல் நிறமாகியிருந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு என் சூப்பைக் குடிக்கப் போய்விட்டேன்.

பப்பை நடத்துகிற போலின், அவர் தட்டை உள்ளே சின்ன அறைக்கு எடுத்துப் போனாள். அங்கே கணப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் முதுகு உயர்ந்த பெரிய மரப்பலகை இருக்கை ஒன்று. அதில் உட்கார்ந்தால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தலைமுடிகூடத் தெரியாது.

நாங்கள் நன்றாகச் சாப்பிட்டோம். மாட்டிறைச்சி அடைத்த பேஸ்ட்ரி, தொத்திறைச்சி, மசித்த உருளைக்கிழங்கு, அப்புறம் சூடான கஸ்டர்டு ஊற்றிய புட்டிங். பீர் ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்று ஹேசல் சொன்னதை யாரும் கேட்கவில்லை. ஜன்னல்கள் காற்றில் அதிர்ந்தன. புகைபோக்கிக்குள் காற்று ஊதும்போதெல்லாம் கட்டிடமே மூச்சு இழுப்பது போல் இருந்தது. வெளியே போக யாருக்கும் மனமில்லை. இரண்டு மணிக்கு ஹேசல் எழுந்து கைதட்டினாள். எல்லோரும் கையுறை தேடி, மேல்சட்டை மாட்டி, ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு வெளியேறினோம்.

திரும்பும் வழியை என்னவென்று சொல்வது! முதுகில் யாரோ உள்ளங்கையை வைத்துத் தள்ளுவது போல் இருந்தது. மேட்டின் உச்சியிலேயே ஓடும் நீண்ட பாதையை ஹேசல் எடுத்தாள். காலையில் மூன்று மணி நேரம் ஏறிய தூரம் ஒரு மணி நேரத்தில் எங்களுக்குக் கீழே நழுவிப் போயிற்று. மரியன் முன்வரிசையில் பறந்தாள். கீத் இரண்டு கையையும் விட்டுவிட்டு, சட்டையைப் படகுப் பாய் மாதிரி விரித்துப் பிடித்துக்கொண்டு கத்தினான். யாரும் நிற்கவில்லை. சந்திப்புகளில்கூட யாரும் நிற்கவில்லை. நான் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். பாதை வளைந்து வெறுமையாகக் கிடந்தது. வளைவுக்கு அந்தப் பக்கம் லயனல் வந்துகொண்டிருப்பார் என்று நினைத்தேன். நினைத்தது கூட இல்லை. அவர் பின்னால் இருப்பார் என்பது, தலைக்கு மேல் வானம் இருக்கும் என்பது போலத்தான் எங்களுக்கு.

ரோத்பியில் தேநீர்க் கடையில் ஹேசல் பதினாலு தேநீர் சொன்னாள். வந்த கோப்பைகளை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டோம். தட்டில் ஒரு கோப்பை மிஞ்சியது.

"யாருக்கு வரலை?" என்றாள் ஹேசல்.

எல்லோரும் கடையைச் சுற்றிப் பார்த்தோம்.

"லயனல் எங்க?"

"பின்னாடி வருவாரு" என்றான் கீத்.

"எவ்வளவு பின்னாடி?"

கால் மணி நேரம் வாசலில் நின்றோம். காற்றில் கடைப் பலகை கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. லயனலிடம் ஒரு பழைய போன் உண்டு, அவசரத்துக்கென்று. அணைத்தே வைத்திருப்பார். அடித்துப் பார்த்தோம், அணைந்துதான் இருந்தது. பிறகு ஹேசல் பப்புக்கு அடித்தாள். போலின் சொன்னது எங்களுக்கும் கேட்டது: "அந்தப் பெரியவரா? கணப்பு முன்னாடி தூங்கிட்டு இருந்தாரே. அவருகிட்ட சொல்லிட்டுத்தான் விட்டுட்டுப் போனீங்கன்னு நெனச்சேன். எழுந்து கிளம்பி முக்கால் மணி நேரம் ஆச்சு."

அவருடைய சைக்கிளை யாராவது பார்த்தீர்களா என்று ஹேசல் கேட்டாள். யாரும் பார்க்கவில்லை. கடைசியாக வந்ததால் முன்பக்கம் இடமில்லாமல், பப்பின் பின்னால் பீப்பாய்களின் ஓரமாக வைத்திருக்கிறார்.

ஹேசல் சாதாரணமாக முகம் வெளிறுகிறவள் இல்லை. அன்றைக்கு வெளிறினாள். "இருபத்தாறு வருஷமா அந்த மனுஷன் நம்மள எண்ணிக்கிட்டு வந்திருக்காரு. நாம ஒரு நாள் எண்ணல" என்றாள்.

எழுபத்தொரு வயது. அந்தக் காற்று. மேட்டிலிருந்து இறங்கும் பாதையில் இரண்டு பக்கமும் ஆழமான ஓடை. அவருக்கு ஏதாவது என்றால் யாருக்குச் சொல்வது என்று யாரோ கேட்டார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், தபால்காரி ஆயிற்றே என்று. கனடாவிலிருந்து வரும் உறையைத் தவிர என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை. அதை எழுதுவது யார் என்றுகூட எனக்குத் தெரியாது.

ஹேசல் ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு, நேர்ப்பாதை வழியாக, மறுபடி எதிர்காற்றில் மேடு ஏறக் கிளம்பினாள், ஓடைகளைப் பார்த்துக்கொண்டே போவதற்காக. பீரும் புட்டிங்கும் அவர்களுடைய கால்களைக் கனக்க வைத்திருந்தன. ஆனாலும் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. கீத் வேனை எடுத்துவர ஓடினான்.

அப்போதுதான் மரியன் வாயைத் திறந்தாள். "அவரு மேட்டுப் பக்கம் இருக்க மாட்டாரு. கடலுக்குப் போயிருப்பாரு."

"கடலுக்கா?" என்றேன். "அங்க போனா பன்னிரண்டு மைல் எதிர்காத்துல திரும்பி வரணும். எந்தப் பைத்தியம் போகும்?"

"காலையில மூணு தடவ சொன்னாரு. பம்பு நிலையத்து ஜன்னல்ல நின்னா தூரத்துல கரைமேடு மட்டும் தெரியுமாம், கடல் தெரியாதாம். நல்லா காத்தடிக்கிற அன்னைக்குக் கடல் எப்படி இருக்கும்னு போய்ப் பாக்கணும்னு அவருக்கு ஆசை. ஆனா காத்தடிக்கிற அன்னைக்குத்தான் மழையும் வரும், தண்ணியும் ஏறும், பம்ப விட்டு நகர முடியாது. கடல் சும்மா கெடக்குற அன்னைக்கு மட்டும்தான் லீவு கெடைக்குமாம். முப்பத்தோரு வருஷமா."

"ஓய்வு பெத்து ஆறு வருஷம் ஆச்சே?"

"அதையும் கேட்டேன். 'புதன்கிழமையில சங்கம் இருக்கே'ன்னாரு. 'மத்த நாள்ல?'ன்னு கேட்டேன். சைக்கிள்ல ஏறிட்டாரு."

கீத் வேனோடு வந்தான். நாங்கள் மூவரும் முன் இருக்கையில் ஒட்டி உட்கார்ந்து கிழக்கே கிளம்பினோம். ரொட்டி வாசனை அடித்தது. தாழ்ந்த நிலத்தில் மேடு பள்ளம் எதுவும் கிடையாது. வயல், வாய்க்கால், வயல், வாய்க்கால், அதற்கு மேல் அவ்வளவு பெரிய வானம். பச்சைக் கோதுமை மேல் காற்று அலை அலையாகப் போய்க்கொண்டிருந்தது. அது போகிற திசையில்தான் நாங்களும் போனோம். அதோடு சேர்ந்து எல்லாமே, மேகமும் காக்கைகளும் எங்கள் வேனும்கூட, ஒரே இடத்துக்கு அழைக்கப்பட்டது போல் போய்க்கொண்டிருந்தன. பம்பு நிலையத்தைத் தாண்டினோம். செங்கல் கட்டிடம், ஒரு ஜன்னல், பூட்டு. இப்போது அதில் ஆள் கிடையாது, எல்லாம் தானாக ஓடுகிறது.

ஓல்ட் ஹேவன் என்கிற கடலோர இடத்தில் சாலை முடிகிறது. கடல் கரைமேட்டின் மேல் பத்துப் பதினைந்து மரக்குடில்கள், கோடைக்காலத்துக்காகக் கட்டிவைத்தவை, வரிசையாகப் பூட்டிக் கிடந்தன. அவற்றில் ஒன்றின் மேல் ஒரு சைக்கிள் சாய்ந்திருந்தது.

மரியன் வேன் நிற்குமுன்பே கதவைத் திறந்துவிட்டாள்.

குடிலின் மறுபக்கம், கடலைப் பார்த்த படிக்கட்டில், லயனல் உட்கார்ந்திருந்தார். ஷூவையும் காலுறையையும் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். அங்கே காற்றே இல்லை. குடில் மறைத்துக்கொண்டதால் வெயில் மட்டும் இதமாக விழுந்தது. அவர் எங்களைப் பார்த்தார். வியப்படைந்ததாகத் தெரியவில்லை.

"வந்துட்டீங்களா" என்றார். "எல்லாரும் ஊர் போய்ச் சேந்தாங்களா?"

"யோவ்!" என்று கத்தினான் கீத். கத்த வந்தது அவ்வளவுதான். பிறகு சுவரைத் தட்டினான். "பத்துப் பேரு ஓடையில ஒன்னத் தேடிக்கிட்டு இருக்காங்கய்யா! நீ இங்க காலக் காயவெச்சுக்கிட்டு இருக்க!"

லயனலின் முகம் மாறியது. "ஓடையிலயா? ஐயோ. அவங்கள வரச் சொல்லு கீத். உடனே வரச் சொல்லு. நான் நெனக்கவே இல்ல… என்னத் தேடுவாங்கன்னு."

நான் ஹேசலுக்குப் போன் செய்தேன். அவள் பக்கம் காற்று இரைந்துகொண்டிருந்தது. "உயிரோட இருக்காருல்ல? சரி. திட்டறத நேர்ல திட்டிக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

நாங்களும் படியில் உட்கார்ந்தோம். உட்கார்ந்த பிறகுதான் கடலைப் பார்த்தேன். பெரிய இரைச்சலாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசிக்கொண்டிருந்தது. கடல் அடங்கி, இஸ்திரி போட்ட துணி மாதிரி கிடந்தது. கரைக்கு வர முயன்ற சிறு அலைகள் எழும்போதே, அவற்றின் உச்சியிலிருந்து வெள்ளைப் புகை பின்பக்கமாகப் பறந்து போயிற்று, யாரோ கூந்தலைப் பின்னுக்கு வாரிவிடுவது போல. மணல் கணுக்கால் உயரத்தில் இழை இழையாக ஓடிக்கொண்டிருந்தது. கரை முழுவதும் அப்படியே நகர்ந்து கடலுக்குள் நடந்து போவது போல் தோன்றியது. சத்தமே இல்லை.

"நானும் இப்படி நெனக்கல" என்றார் லயனல். "பெருசா உறுமும்னு நெனச்சிருந்தேன். பாருங்களேன். தூங்கறவன் மாதிரி கெடக்கு."

கீத் வேனிலிருந்து ஒரு பிளம் ரொட்டியும் சீஸும் கொண்டுவந்தான். அவற்றைப் பிய்த்துத் தின்றுகொண்டே லயனல் சொன்னதைக் கேட்டோம். அவர் தொடர்ச்சியாகச் சொல்லவில்லை. ஒரு வாய் ரொட்டி, ஒரு வாக்கியம், கொஞ்ச நேரம் கடல்.

விழித்தபோது கணப்பு தணிந்திருந்ததாம். அறை அமைதியாக இருந்தது. பம்பு நிலையத்தில் இருப்பதாகவும் எஞ்சின் நின்றுவிட்டதாகவும் நினைத்துத் திடுக்கிட்டு எழுந்தாராம். அப்புறம்தான் எங்கே இருக்கிறோம் என்று புரிந்தது. பெரிய அறையில் பதிமூன்று காலித் தட்டுகள். பின்பக்கம் அவருடைய ஒற்றைச் சைக்கிள்.

"கோவம் வரலையா?" என்று கேட்டேன்.

"வரல. ஒடம்பு லேசான மாதிரி இருந்துச்சு. சின்ன வயசுல காய்ச்சல் விட்டு எழுந்திருப்போமே, அந்த மாதிரி."

"போன் பண்ணியிருக்கலாம்ல?"

"தோணல" என்றார். ஒரு துண்டு சீஸைக் கடித்தார். பிறகு, "தோணுச்சு. பண்ணல. இன்னும் கொஞ்ச நேரம் முன்னாடி யாருமில்லாம இருந்து பாப்போமேன்னு…"

நேர்ப்பாதையில் இறங்கியிருக்கிறார். காற்று அவரைத் தூக்கிக்கொண்டது. ஓரிடத்தில் காதில் காற்றின் சத்தம் முழுக்க நின்றுவிட்டது என்றார். அவரும் காற்றும் ஒரே வேகத்தில் போயிருக்கிறார்கள். தன் செயின் ஓடுவதும், டயர் தார்ச்சாலையில் உரசுவதும், எங்கோ ஆட்டுக்குட்டி கத்துவதும் அறைக்குள் கேட்பது போலத் தெளிவாகக் கேட்டனவாம். ஒரு வெள்ளை இறகு அவருடைய கைப்பிடிக்குப் பக்கத்திலேயே, முந்தாமல் பிந்தாமல், வெகுதூரம் கூட வந்ததாம். கை நீட்டினால் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை.

"எவ்வளவு வேகமா போனேன்னு எனக்கே தெரியாது" என்றார். "இத்தன வருஷமா, கடைசி ஆளு என்ன வேகமோ அதான் என் வேகம். என் வேகம் என்னன்னு எனக்கே தெரிஞ்சதில்ல."

ஊருக்குப் பிரியும் சந்திப்பு வந்தது. இடதுபக்கம் ரோத்பி, நேராகப் போனால் கடல். வழக்கம்போல் பின்னால் திரும்பிப் பார்த்தாராம், எல்லோரும் வந்தாச்சா என்று. யாரும் இல்லை. முன்னாலும் யாரும் இல்லை. பிரேக்கைத் தொடாமல் நேராக விட்டுவிட்டார். பம்பு நிலையத்தைத் தாண்டும்போது மட்டும் அந்த ஜன்னலைப் பார்க்கக் கூடாது என்று தோன்றியதாம். ஏன் என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினார்.

"திரும்பி எப்படி வர்றதா இருந்தீங்க?" என்றாள் மரியன்.

"அத யோசிக்கல. கால் ரெண்டும் பிடிச்சுக்கிச்சு. அதான் கழட்டிட்டு உக்காந்துட்டேன்." அவளைப் பார்த்துச் சிரித்தார். "காலையில உங்களுக்குக் காத்து மறைச்சேன்ல, அதுல மொத்த ஆவியும் போச்சு."

"அப்ப எம்மேலதான் பழியா?"

"பின்ன?"

மரியன் அவருடைய காலுறையிலிருந்த மணலைத் தட்டி உதறிக் கொடுத்தாள். வெயில் சாய்ந்து குடில்களின் நிழல் மணலில் நீண்டது. கிளம்பவேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஆனாலும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். அவ்வளவு நேரம் நாலு பேர் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை, அதுவும் கீத்தையும் வைத்துக்கொண்டு.

வேனில் ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே சைக்கிளைப் படுக்கவைத்தோம். அதன் பக்கத்தில் மாவுச் சாக்கின் மேல் லயனல் உட்கார்ந்தார். முதல் மைலிலேயே தூங்கிவிட்டார். திடலில் ஹேசல் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். மேட்டிலிருந்து திரும்பும்போது அவர்களுக்கு மறுபடி பின்காற்று கிடைத்திருந்தது; அதில் பாதிக் கோபம் போய்விட்டது போலும். மீதியைத் திட்டித் தீர்த்தாள். லயனல் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். அவள் முடித்ததும், "மன்னிச்சுக்கோ ஹேசல். ஆனா நான் தொலையல" என்றார்.

"தெரியும்" என்றாள் ஹேசல். "நாங்கதான் ஒன்னத் தொலைச்சோம்." திரும்பிப் போய்த் தன் சைக்கிளின் பூட்டை வெகுநேரம் திறந்துகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு சங்கத்தில் ஒரு விதி வந்தது: கடைசியில் எப்போதும் இரண்டு பேர் வர வேண்டும். லயனலுக்கு அது பிடிக்கவே இல்லை. "பக்கத்துல ஒரு ஆளு பேசிக்கிட்டே வந்தா எனக்குக் காது வலிக்குது" என்று இன்றைக்கும் முனகுகிறார். முக்கால்வாசி நாள் அந்த இரண்டாவது ஆள் மரியன்தான். அவள்தான் எங்களுக்குச் சொன்னாள்: கனடாவில் இருப்பது அவருடைய தங்கை, பேர் எட்னா, இரண்டு பேரும் நாற்பது வருடமாக ஒருவரையொருவர் பார்க்கவில்லை. சென்ற கோடையில் எட்னா வந்து மூன்று வாரம் தங்கிப் போனாள். அண்ணனைவிட உயரம், அண்ணனைவிட ஊமை. கீத் அவளுக்கென்று தினமும் பிளம் ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்தான்.

இப்போது லயனலுக்கு எழுபத்துநாலு. மேற்குக் காற்று பலமாக வீசும் புதன்கிழமைகளில் காலை எட்டு மணிக்கு ஹேசலுக்குப் போன் வரும். "இன்னைக்கு நான் வரல. அந்தப் பக்கம் போறேன்" என்பார். அவ்வளவுதான். சாயங்காலம் நாலு மணிக்குக் கீத் வேனை எடுத்துக்கொண்டு போய் அவரைக் கூட்டிவருவான். சில நாள் மரியனும் அவரோடு போவாள். அநேக நாள் அவர் தனியாகத்தான்.

போன புதன்கிழமை அப்படித்தான் போனார். ஆனால் பாதி வழியில் காற்று நின்று, கடலிலிருந்து மூடுபனி ஏறிவந்துவிட்டதாம். சாயங்காலம் திடலில் வேனிலிருந்து இறங்கியவரிடம், "இன்னைக்குக் கடல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமே தெரியல" என்றார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு. "மூடுபனி. என் கையே எனக்குத் தெரியல. ரொம்ப நல்லா இருந்துச்சு."